நிறுவும்போது நெட்வொர்க்: தானாக விடுவதா, கையால் எழுதுவதா?

இயங்குதளம் நிறுவும்போது வட்டைப் பிரிக்கும் திரை வந்துவிட்டால் எல்லோரும் நிதானமாகிவிடுவார்கள். கை தவறினால் பழைய கோப்புகள் போய்விடுமே என்ற பயம். நெட்வொர்க் திரைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. பாதிப் பேர் படிக்காமலே என்டர் தட்டிவிடுவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களோ 'நானே அமைத்துக்கொள்கிறேன்' என்று நாலு எண்களைக் கையால் எழுதுவார்கள். நான் பல வருடம் இரண்டாவது கட்சி. இப்போது என்டர் தட்டும் கட்சிக்கு வந்துவிட்டேன். ஏன் மாறினேன், எந்தெந்த இடத்தில் இன்னும் கையால் எழுதுகிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டெபியன், உபுண்டு சர்வர், ஃபெடோரா, ஃப்ரீபிஎஸ்டி, விண்டோஸ் என்று எதை நிறுவினாலும் திரைதான் வேறு, கேள்விகள் கிட்டத்தட்ட அவைதான். எந்த வழியாக இணைவது? நெட்வொர்க்கில் இந்தக் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி எங்கிருந்து வருவது? இந்தக் கணினிக்கு என்ன பெயர்? இணையதளப் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ் யார்? இணையத்துக்கு நடுவில் நின்று வாங்கித் தரும் ப்ராக்ஸி உண்டா? இவற்றுக்குப் பதில் சொல்லும் முன் நான் ஒன்றே ஒன்றைத்தான் யோசிப்பேன்: இதைப் பிறகு மாற்ற வேண்டி வந்தால் எவ்வளவு வேலை? முகவரியை மாற்ற இரண்டு நிமிடம் போதும். பெயரை மாற்றுவது அதைவிடத் தொல்லை. இணைப்பே இல்லாமல் நிறுவிவிட்டால் அதன் விளைவு நிறுவல் முழுக்கப் பரவி நிற்கும். ஆனால் நாம் கவலைப்படுவது பெரும்பாலும் இதற்குத் தலைகீழான வரிசையில்தான்.

கேபிளா, வைஃபையா, இப்போதைக்கு வேண்டாமா?

கேபிள் எட்டும் இடமென்றால் கேபிள்தான். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பிறகு அந்தக் கணினியை வைஃபையில் வைத்துக்கொள்ளலாம்; அது வேறு விஷயம். நிறுவும் அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் ஒரு கேபிளைச் செருகிவிட்டால் பல சிக்கல்கள் எழவே எழாது.

முதல் சிக்கல் ஃபர்ம்வேர். வைஃபை சிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு டிரைவர் மட்டும் போதாது. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய தனிக் கோப்பு ஒன்றும் வேண்டும். அது நிறுவும் பென் டிரைவில் இல்லையென்றால் அட்டை இருந்தும் பயனில்லை. இப்படிப்பட்ட கோப்புகள் கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால் டெபியன் அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் வெகுகாலம் சேர்க்காமலே இருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் சேர்க்கிறார்கள். ஆகவே மேசை டிராயரில் கிடக்கும் பழைய டெபியன் 11 பென் டிரைவை எடுத்து லேப்டாப்பில் போட்டுவிட்டு 'வைஃபையே தெரியவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். புதிய பதிப்பை இறக்கி எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எழுத்துத் திரை நிறுவிகளுக்கு வைஃபை என்றால் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். அவ்வளவுதான் தெரியும். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பயனர் பெயரும் சேர்த்துக் கேட்கும் வைஃபையையோ, பிரவுசர் பக்கத்தில் உள்நுழையச் சொல்லும் வைஃபையையோ டெபியனின் நிறுவியால் சமாளிக்க முடியாது. உபுண்டு, ஃபெடோரா மாதிரி முழு டெஸ்க்டாப்பும் பென் டிரைவிலிருந்தே ஓடும் வகை என்றால் அதிலேயே பிரவுசர் இருக்கிறது, கவலையில்லை.

கேபிளும் இல்லை, வைஃபையும் தெரியவில்லை என்றால் ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, ஃபோனின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்குங்கள். நிறுவிக்கு அது ஒரு கேபிள் அட்டை மாதிரிதான் தெரியும். ஃபோன் அந்த நேரத்தில் வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பையே பகிர்ந்துகொள்ளும், மொபைல் டேட்டா கரையாது. டெஸ்க்டாப் இல்லாத சர்வர் நிறுவலில் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் பதிவாவது அந்த ஃபோன் இணைப்புதான். கணினியின் சொந்த நெட்வொர்க் அட்டையைப் பிறகு நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

அப்புறம் 'இப்போதைக்கு நெட்வொர்க் வேண்டாம்' என்ற வழி. இணையத்தோடு நிறுவினால் ஆபத்து, முதலில் நிறுவிவிட்டுப் பிறகு இணைப்பதுதான் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியை வெளியிலிருந்து யாரும் நேரடியாக எட்டிவிட முடியாது. மாறாக, இணையத்தோடு நிறுவினால் பாதுகாப்புத் திருத்தங்கள் அப்போதே ஏறிவிடும். இணைப்பில்லாமல் நிறுவினால் பென் டிரைவ் தயாரான நாளில் இருந்த மென்பொருளோடுதான் முதல் முறை வெளியே வருகிறீர்கள்.

இணைப்பில்லாத டெபியன் நிறுவலில் இன்னொரு தொல்லையும் உண்டு. மென்பொருள்களை இறக்கித் தரும் மிரர் சர்வர் எதையும் தேர்ந்தெடுக்காததால் மென்பொருள் மூலங்களின் பட்டியலில் அந்த டிஸ்க் மட்டுமே இருக்கும். ஒரு வாரம் கழித்து ஏதாவது நிறுவப் போனால் 'டிஸ்க்கைப் போடு' என்று கேட்கும். பட்டியலைத் திருத்துவது எளிதுதான், ஆனால் புதிதாக வருபவரைத் திகைக்க வைத்துவிடும். கணினியின் கடிகாரமும் சரிசெய்யப்பட்டிருக்காது. தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவை என்று பிரவுசர் மறுக்கும். இணையத்தில் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்போம், கோளாறோ மதர்போர்டின் பேட்டரியில் இருக்கும்.

சொந்த உபயோகத்துக்கான விண்டோஸ் 11இல் இந்த வழி அதிகாரபூர்வமாக இல்லை. ஹோம் பதிப்புக்கு ஆரம்பம் முதலே, சொந்த உபயோகத்துக்கான ப்ரோ பதிப்புக்கு 2022இல் வந்த 22எச்2 முதல், முதல் அமைப்பின்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனை. புதிய மதர்போர்டில் 2.5 கிகாபிட் சிப் இருந்து, அதற்கான டிரைவர் நிறுவும் பென் டிரைவில் இல்லையென்றால் அந்தத் திரையிலேயே நின்றுவிடுவோம். மதர்போர்டு தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து நெட்வொர்க் டிரைவரை முன்கூட்டியே இறக்கி இன்னொரு பென் டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முகவரி: மூன்று வழிகள், இரண்டல்ல

திரையில் இரண்டு வழிதான் தெரியும். தானாக, அல்லது கையால். தானாக என்றால் டிஎச்சிபி. 1993இல் வரையறுத்து, 1997இல் இன்றைய வடிவத்துக்கு வந்த முறை. நடப்பது எளிமையான ஓர் உரையாடல். கணினி நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடும்: 'யாராவது முகவரி தருவீர்களா?' ரவுட்டர் சொல்லும்: '192.168.1.23 காலியாக இருக்கிறது.' 'சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்.' 'எடுத்துக்கொள், இன்ன நேரம் வரை உனக்குத்தான்.' இந்த நாலு செய்திகளோடு சப்நெட் மாஸ்க் (நம் நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்வது), கேட்வே (வெளியே போகும் வாசல், வீட்டில் ரவுட்டர்தான்), டிஎன்எஸ் எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

'இன்ன நேரம் வரை' என்பதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள், முகவரி அடிக்கடி மாறிவிடும் என்று. அப்படியில்லை. குத்தகைக் காலத்தில் பாதி கடந்ததுமே கணினி அதே முகவரியைப் புதுப்பிக்கக் கேட்டுவிடும். பதில் வராவிட்டால் 87.5 சதவீதத்தில் எந்த டிஎச்சிபி சர்வராவது இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்கும். ஆக, ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு முகவரி சும்மா மாறாது. சில நாள் அணைத்து வைத்தாலோ, ரவுட்டரே தன் பட்டியலை மறந்தாலோதான் வேறு எண் கிடைக்க வாய்ப்பு.

டிஎச்சிபி தோற்கும்போதுதான் நிறைய பேர் தவறான பக்கம் திரும்புகிறார்கள். 'தானாக அமைக்க முடியவில்லை' என்று நிறுவி சொன்னதும் கையால் எழுதும் பக்கத்துக்குத் தாவிவிடுவார்கள். டிஎச்சிபி தோற்ற இடத்தில் கையால் எழுதினாலும் பெரும்பாலும் வேலை செய்யாது. கேபிள் சரியாகச் செருகவில்லை, டிரைவர் இல்லை, இரண்டு அட்டைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தோம் என்று அடிப்படையில் ஏதோ தடை இருக்கும். எண்களை எழுதிவிட்டால் நிறுவி அடுத்த திரைக்குப் போய்விடும், ஆனால் தடை அங்கேயே இருக்கும். அரை மணி கழித்து மிரரை எட்ட முடியவில்லை என்று நிற்கும்.

கையால் எழுதும் முன் கேபிள் துளையில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அரை நிமிடம் பொறுத்து 'மறுபடி முயற்சி செய்' என்பதை அழுத்துங்கள். நிர்வகிக்கப்படும் சுவிட்சுகளில் ஸ்பேனிங் ட்ரீ என்ற பாதுகாப்பு ஏற்பாடு இயங்கினால், கேபிளைச் செருகியதும் இணைப்புகளில் வளையம் ஏதும் உருவாகவில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் அந்தத் துளையைத் திறக்கும். வழக்கமான அமைப்பில் அதற்கு 30 விநாடி ஆகும். நிறுவி அதற்குள் பொறுமை இழந்திருக்கலாம். இரண்டாவது முயற்சியிலேயே முகவரி கிடைத்துவிடுவதை அலுவலக நெட்வொர்க்குகளில் பல முறை பார்த்திருக்கிறேன். 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் டிஎச்சிபி பதிலே தரவில்லை, கணினி தனக்குத் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அது இணையத்துக்கு உதவாது.

சரி, கையால் எழுதுவது. அதன் கவர்ச்சி புரிகிறது. இந்தக் கணினி எப்போதும் 192.168.1.50 என்று மனதில் ஒரு உறுதி. ஆனால் நாலு பெட்டிகளை நிரப்ப வேண்டும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கோளாறு காட்டும். கேட்வே தவறினால் பக்கத்துக் கணினிகள் எல்லாம் தெரியும், இணையம் மட்டும் வராது. டிஎன்எஸ் தவறினால் எண்ணால் எதையும் எட்டலாம், பெயரால் எதையும் எட்ட முடியாது. உபுண்டு சர்வரின் நிறுவியில் சப்நெட் பெட்டி 192.168.1.0/24 என்ற வடிவத்தைக் கேட்கிறது. 255.255.255.0 என்று எழுதிப் பழகியவர்கள் அதை அங்கே எழுத, ஏற்க மறுக்கும். நெட்வொர்க்கின் எண் சப்நெட் பெட்டியில், கணினியின் எண் முகவரிப் பெட்டியில் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இவையெல்லாம் உடனே தெரிந்துவிடும் தவறுகள். உடனே தெரியாத தவறு ஒன்று உண்டு, நான் செய்தது அதைத்தான். பழைய கணினி ஒன்றைக் கோப்புகள் பகிரும் சர்வராக மாற்றியபோது நிறுவியிலேயே 192.168.1.50 என்று எழுதினேன். அந்த எண் யாரிடமும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ஆனால் ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்களின் வரம்புக்குள் அது இருந்தது. ரவுட்டருக்கோ நான் அதை எடுத்துக்கொண்டதே தெரியாது. இரண்டு மூன்று மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. பிறகு மாலை நேரங்களில் மட்டும் கோப்பு நகலெடுப்பது பாதியில் அறுந்துபோகத் தொடங்கியது. கேபிளை மாற்றினேன், வட்டைச் சோதித்தேன், நெட்வொர்க் அட்டையைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் வீட்டில் புதிதாக வந்த ஒரு ஃபோனுக்கு ரவுட்டர் அதே எண்ணைக் கொடுத்திருந்தது. ஃபோன் வீட்டுக்கு வரும் நேரமெல்லாம் இரண்டும் ஒரே எண்ணுக்காகச் சண்டை போட்டிருக்கின்றன.

அது போகட்டும் என்று வரம்புக்கு வெளியே வேறு எண் கொடுத்துச் சரிசெய்தேன். அடுத்த வருடம் ரவுட்டர் பழுதாகிப் புதியது வந்தது. புதியது 192.168.1 இல்லை, 192.168.0 என்ற நெட்வொர்க்கில் ஓடியது. ஃபோன்கள், லேப்டாப்புகள், பிரிண்டர் எல்லாம் ஐந்து நிமிடத்தில் புது எண் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தன. என் சர்வர் மட்டும் யாரும் எட்ட முடியாத பழைய நெட்வொர்க்கின் எண்ணோடு மூலையில் உட்கார்ந்திருந்தது. மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போய் இணைத்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. முகவரி என்பது கணினியின் குணம் இல்லை, நெட்வொர்க்கின் ஏற்பாடு. அதை எழுதி வைக்க வேண்டிய இடமும் நெட்வொர்க்கை நடத்துகிறவரிடம், அதாவது ரவுட்டரில்.

திரையில் தெரியாத மூன்றாவது வழி இதுதான்: முகவரி ஒதுக்கீடு. கணினியில் 'தானாக' என்றே விட்டுவிடுவது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், இந்த மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் உரிய அடையாள எண்) கேட்டால் இந்த எண்ணையே கொடு என்று ஒரு வரி சேர்த்துவிடுவது. எண் நிலையாக இருக்கும். வேறு யாருக்கும் போகாது. எந்தக் கணினிக்கு என்ன எண் என்ற பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும். புதிய ரவுட்டர் வந்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் மறுபடி எழுதினால் போதும். நிறுவலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட நன்மையும் உண்டு. நாளைக்கு அந்தக் கணினியில் வேறு இயங்குதளத்தைப் போட்டாலும், என்டர் தட்டிக்கொண்டே போனாலும், பழைய எண் தானாக வந்துவிடும்.

இதிலும் இரண்டு பள்ளங்கள் உண்டு. உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, டிஎச்சிபியிடம் தன்னை மேக் முகவரியால் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. நிறுவலின்போது உருவாகும் தனி அடையாளம் ஒன்றிலிருந்து பெறும் எண்ணைச் சொல்லும். சில ரவுட்டர்கள் இதைப் பார்த்துக் குழம்பி, ஒதுக்கிய எண்ணைத் தராமல் வேறொன்றைத் தரும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை எழுதி வைக்கும் நெட்பிளான் கோப்பில் டிஎச்சிபி அடையாளம் மேக் முகவரியாகவே இருக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. வைஃபையில் இன்னொரு விஷயம்: தனியுரிமைக்காக மேக் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் ஒதுக்கீடு வேலை செய்யாது. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்திவிடுங்கள்.

அப்படியானால் கையால் எழுதுவதற்கு இடமே இல்லையா? உண்டு. டிஎச்சிபி கொடுக்கும் கணினியே இன்னொரு டிஎச்சிபியை நம்பி எழ முடியாது. வீட்டுக்கே டிஎன்எஸ் தரும் கணினி, மெய்நிகர் கணினிகளை (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை) தாங்கும் பெரிய கணினி, ரவுட்டர் செத்துக்கிடக்கும்போதும் எட்ட வேண்டிய சேமிப்புப் பெட்டி, இவற்றுக்கு நிலையான எண்ணைக் கையால் எழுதுவதுதான் சரி. வாடகை சர்வரில் நிறுவனம் எண்ணைக் கொடுத்து, டிஎச்சிபி இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு வழியும் இல்லை. அலுவலகத்தில் நெட்வொர்க் நிர்வாகி ஒரு எண்ணைத் தந்தால் அதை அப்படியே எழுதுங்கள், நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சொந்த நெட்வொர்க்கில் எண்ணைத் தேர்ந்தெடுப்பதென்றால் முதலில் ரவுட்டரின் வரம்பைச் சுருக்கிவிடுங்கள். /24 நெட்வொர்க்கில் 254 முகவரிகள் இருக்கின்றன. 100 முதல் 199 வரை ரவுட்டருக்கு, 2 முதல் 99 வரை நமக்கு என்று பிரித்துக்கொண்டால் என் ஃபோன் கதை உங்களுக்கு நடக்காது.

அப்படிப்பட்ட கணினிகளிலும்கூட, டிஎச்சிபி கிடைக்கும் இடமாக இருந்தால் தானாக விட்டே நிறுவுகிறேன். தானாக முகவரி கிடைத்துவிட்டால் கேபிள், டிரைவர், சுவிட்ச், ரவுட்டர் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று நிரூபணமாகிவிடும். பிறகு எண்ணை நிலையாக்கும்போது ஏதாவது கெட்டால் அது நான் எழுதியதில்தான் என்று நிச்சயமாகத் தெரியும். உபுண்டுவின் நெட்பிளானில் 'முயன்று பார்' என்ற கட்டளை இருக்கிறது. புது அமைப்பைப் போட்டுவிட்டு 120 விநாடிக்குள் நாம் சரி என்று உறுதி சொல்லாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். தொலைவிலிருந்து மாற்றும்போது இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

நிலையான எண் எந்த அட்டையின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். லினக்ஸில் முன்பு முதல் கேபிள் அட்டை என்றால் எப்போதும் ஒரே பெயர். 2013 முதல் அட்டை செருகப்பட்டிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிறகு ஒரு கிராஃபிக்ஸ் கார்டையோ புதிய எஸ்எஸ்டியையோ செருகினால் சில மதர்போர்டுகளில் இடங்களின் எண்ணிக்கை நகர்ந்து நெட்வொர்க் அட்டையின் பெயரும் மாறிவிடும். அமைப்புக் கோப்பு பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். கார்டு மாற்றியதும் நெட்வொர்க் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பெயருக்கு நேரம் செலவழியுங்கள்

முகவரியில் மிச்சம் பிடித்த நேரத்தைப் பெயரில் செலவிடலாம். டெபியன் தானாக ஒரு பொதுப் பெயரை நிரப்பி வைத்திருக்கும், என்டர் தட்டினால் அதுவே நிலைத்துவிடும். ஒரே வீட்டில் மூன்று கணினிகளுக்கும் அதே பெயர் என்றால் ரவுட்டரின் பட்டியலில் எது எது என்றே தெரியாது. பெயர் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் நிறைய: காப்புப் பிரதிகளின் கோப்புறைகள், பாதுகாப்புச் சான்றிதழ்கள், மற்ற கணினிகளில் சேமித்த இணைப்புகள், பதிவேடுகள். நிறுவிய பிறகு பெயரை மாற்றுவது ஒரு கட்டளைதான். அது ஒட்டியிருக்கும் இடங்களைத் தேடிப்பிடிப்பதுதான் வேலை.

ஆங்கிலச் சிற்றெழுத்துகள், எண்கள், நடுவில் வேண்டுமானால் சிறுகோடு. அடிக்கோடு கூடாது, இடைவெளி கூடாது. விதிப்படி 63 எழுத்து வரை போகலாம், ஆனால் விண்டோஸின் பழைய பெயரிடும் முறை 15 எழுத்தோடு நின்றுவிடும் என்பதால் அதற்குள் அடக்குவது நல்லது. செய்யும் வேலையை வைத்துப் பெயரிடாதீர்கள் என்பது என் கருத்து. இன்றைக்குக் கோப்பு சர்வர், நாளைக்குப் பிள்ளைகளின் படிப்புக் கணினி. நான் பறவைகளின் பெயரை வைக்கிறேன். குருவி என்ன வேலை செய்தாலும் குருவிதான்.

டெபியன் அடுத்து டொமைன் பெயர் கேட்கும். சொந்த டொமைன் இல்லாதவர்கள் காலியாக விடலாம். எதையாவது எழுதியே ஆக வேண்டுமென்றால் 'டாட் லோக்கல்' மட்டும் வேண்டாம். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகள் தங்களுக்குள் பெயரால் கண்டுபிடித்துக்கொள்ளும் முறைக்காக 2013இல் அதை ஒதுக்கிவிட்டார்கள். வீட்டு நெட்வொர்க்குக்கென்றே 2018இல் 'ஹோம் டாட் ஆர்ப்பா'வும், உள் நெட்வொர்க்குகளுக்கென்று 2024இல் 'டாட் இன்டர்னல்'உம் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நாமாக ஒரு முடிவைக் கற்பனை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 'டாட் டெவ்' நல்ல உதாரணம். மென்பொருள் எழுதுகிற பலர் தங்கள் சோதனைக் கணினிகளுக்கு அதை வைத்திருந்தார்கள். அது நிஜ இணையத்தில் கூகுளின் டொமைனாக மாறியது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63 அந்த முடிவுள்ள எல்லா முகவரிகளையும் பாதுகாப்பான இணைப்பில்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்க, அத்தனை சோதனைத் தளங்களும் ஒரே நாளில் திறக்காமல் போயின.

டிஎன்எஸ், ஐபிவி6, ப்ராக்ஸி

டிஎன்எஸ்ஸில் ரவுட்டர் தருவதை அப்படியே எடுத்துக்கொள்வதா, பொது டிஎன்எஸ்ஸை எழுதுவதா என்ற கேள்வி அடிக்கடி வரும். 2009இல் வந்த 8.8.8.8, 2017இல் வந்த 9.9.9.9, 2018இல் வந்த 1.1.1.1 மூன்றுமே நம்பகமானவை. இவற்றில் 9.9.9.9 தீங்கு செய்யும் தளங்களின் பெயர்களைத் தடுத்துவிடும் என்பது கூடுதல் வசதி. இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சரியில்லையென்றால் இவற்றுக்கு மாறுவது நல்ல முடிவுதான். ஆனால் அந்த மாற்றத்தை ரவுட்டரில் செய்யுங்கள். கணினியில் செய்தால் வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டர், சர்வர் இவற்றின் பெயர்கள் கிடைக்காமல் போகும். அந்தப் பெயர்கள் ரவுட்டருக்குத்தான் தெரியும்.

முதலில் ரவுட்டர், இரண்டாவதாக ஒரு பொது டிஎன்எஸ் என்று இரண்டையும் கலந்து எழுதுவது பலருக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. லினக்ஸின் வழக்கமான முறையில் முதலாவது பதில் சொல்லாவிட்டால் 5 விநாடி காத்திருந்த பிறகே இரண்டாவதைக் கேட்கும். முதலாவது செத்துவிட்டால் ஒவ்வொரு பக்கமும் ஐந்து விநாடி திணறித் திறக்கும். இணையமே மெதுவாகிவிட்டது என்று தோன்றும். வேறு முறைகளில் இரண்டில் எது முந்துகிறதோ அதன் பதிலே எடுக்கப்படும், அப்போது வீட்டுப் பெயர்கள் ஒரு நேரம் கிடைக்கும், ஒரு நேரம் கிடைக்காது. ஒரே மாதிரி பதில் தரும் இரண்டை எழுதுங்கள், இல்லையென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐபி முகவரியின் புதிய, நீளமான வகையான ஐபிவி6 தானாகவே இருக்கட்டும். பிரச்சினை வந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இப்போது பிரவுசர்கள் பழையது, புதியது என்ற இரண்டு வழியையும் முயன்று எது வேகமாகத் திறக்கிறதோ அதில் போய்விடுகின்றன. ப்ராக்ஸி பெட்டியைக் காலியாக விடுங்கள். அலுவலகத்தில் யாராவது முகவரி கொடுத்திருந்தால் மட்டும் நிரப்புங்கள்.

மெய்நிகர் கணினியில் நிறுவினால்

இங்கே நெட்வொர்க் திரைக்கு முன்பே ஒரு தேர்வு இருக்கிறது, நேட்டா பிரிட்ஜா என்று. நேட் என்றால் மெய்நிகர் கணினி நம் கணினிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இணையத்துக்குப் போகும். வெர்ச்சுவல்பாக்ஸில் அதற்கு 10.0.2.15 என்ற எண் கிடைக்கும், கேட்வே 10.0.2.2. இரண்டு மெய்நிகர் கணினிகளை வழக்கமான நேட்டில் வைத்தால் இரண்டுக்கும் அதே எண், ஒன்றுக்கொன்று தெரியவே தெரியாது. பிரிட்ஜ் என்றால் வீட்டு நெட்வொர்க்கில் இன்னொரு கணினியைச் செருகியது போலத்தான். ரவுட்டரே அதற்கு முகவரி தரும், மற்றவர்களும் அதை எட்டலாம்.

நிறுவும் நேரத்துக்கு நேட் போதும். எந்த நெட்வொர்க்கில் இருந்தாலும் அது வேலை செய்யும். லேப்டாப் வைஃபையில் இருக்கும்போது பிரிட்ஜ் பல இடங்களில் தகராறு செய்யும், ஏனென்றால் ஒரு வைஃபை இணைப்பில் ஒரே ஒரு மேக் முகவரியைத்தான் அணுகுமுனை (வைஃபை தரும் கருவி) எதிர்பார்க்கிறது. நிறுவி முடித்துவிட்டுத் தேவைப்பட்டால் பிரிட்ஜுக்கு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே 'தானாக' என்று விட்டிருந்தால் அந்த மாற்றம் தானே நடக்கும். 10.0.2.15 என்று கையால் எழுதியிருந்தால் பிரிட்ஜுக்கு மாற்றியதும் உள்ளே ஒன்றும் ஓடாது. நிறுவிய ஒன்றை நகலெடுத்துப் பல மெய்நிகர் கணினிகள் செய்கிறவர்கள் மேலே சொன்ன தனி அடையாளத்தை ஒவ்வொரு நகலிலும் புதிதாக உருவாக்க வேண்டும். இல்லையென்றால் எல்லா நகல்களும் டிஎச்சிபியிடம் தாங்கள் ஒரே கணினிதான் என்று சொல்லி, ஒரே எண்ணை வாங்கிக்கொண்டு நிற்கும்.

நிறுவல் முடிந்து முதல் முறை உள்ளே நுழைந்ததும் நான் செய்வது ஒன்று. ரவுட்டரில் ஒதுக்கீட்டை எழுதிவிட்டு, கணினியையும் ரவுட்டரையும் சேர்த்து அணைத்துவிடுவேன். ரவுட்டரை முதலில் ஏற்றி, கணினியை அடுத்து ஏற்றி, இன்னொரு கணினியிலிருந்து பெயராலும் எண்ணாலும் அதைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். இரண்டு முறையும் அதே எண்ணில் பதில் வந்தால் மானிட்டரைக் கழற்றி எடுத்துவிடுவேன்.